அளந்த கையும் கட்டிய கையும்: எட்மோன் பாரிஸின் படகுப் படங்களை முன்வைத்து

1

ஓவியரின் வாழ்க்கையை எழுத நம்மிடம் ஒரு வாய்பாடு உண்டு. இன்ன ஊரில் பிறந்தார், சின்ன வயசிலேயே கை சும்மா இருக்காது, கரிக்கட்டை கிடைத்தால் சுவரெல்லாம் படம், அப்புறம் ஒரு குரு, ஒரு பயணம், கொஞ்சம் வறுமை, கடைசியில் புகழ். பிரெஞ்சுக்காரர் எழுதினாலும் தமிழர் எழுதினாலும் இந்த வாய்பாடு மாறுவதில்லை. இதில் ஓவியரின் கை ஓர் அற்புதப் பொருளாக்கப்படுகிறது. அந்தக் கை எந்தச் சாயத்தை வைத்து, யார் கொடுத்த சம்பளத்தில், யார் ஓட்டிய வண்டியிலோ படகிலோ போய் வரைந்தது என்கிற கேள்விகள் மரியாதைக்குறைவாகக் கருதப்பட்டு வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்துபோன ஒரு பிரெஞ்சு நீர்வண்ண ஓவியரை அந்தக் கேள்விகளோடு வாசித்துப் பார்க்கலாம். பெயர் பிரான்சுவா எட்மோன் பாரிஸ் (1806–1893). ஊர்ப்பெயரோடு குழப்பம் வரும் என்பதால் இங்கே எட்மோன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எட்மோன் ஓவியப் பள்ளியில் இருந்து வந்தவர் இல்லை. தொழில் கடற்படை. இளம் வயதிலேயே கடற்படைக் கல்வி, பிறகு உலகைச் சுற்றிய மூன்று பயணங்கள்: துய்மோன் துர்வில் தலைமையில் ‘அஸ்த்ரோலாப்’ (1826–29), லாபிளாஸ் தலைமையில் ‘ஃபேவரித்’ (1830–32), மறுபடியும் லாபிளாஸ் தலைமையில் ‘ஆர்த்தெமீஸ்’ (1837–40). மூன்றிலும் அவர் கையில் அளவுகோலும் வண்ணப்பெட்டியும் இருந்தன. போன இடத்திலெல்லாம் அந்தந்த மக்களின் படகுகளை வரைந்தார். வரைந்தவற்றைத் தொகுத்து 1841–43இல் பாரீஸில் வெளியிட்ட பெருநூல்தான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பல் கட்டுமானம் பற்றிய ஆய்வுரை என்பது தலைப்பின் பொருள். 130க்கும் மேற்பட்ட படத்தகடுகள். அரபிக் கடல், மலபார், இலங்கை, சோழமண்டலக் கரை, வங்காளம், மலேயத் தீவுகள், சீனா, பசிபிக் என்று நீள்கிற பட்டியல்.

பிற்பாடு அவர் நீராவிக் கப்பல் நிபுணராகி, 1863இல் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர், 1864இல் வைஸ் அட்மிரல், 1871 முதல் சாகும்வரை லூவ்ரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளர். மேலே சொன்ன வாய்பாட்டுக்கு அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிற வாழ்க்கை.

இதில் புதுச்சேரி இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை 1830இல், ஃபேவரித் இங்கே நங்கூரமிட்டபோது. இரண்டாவது தடவை ஆர்த்தெமீஸ் பயணத்தில். அப்போது புதுச்சேரியில் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் இடக்கை மாட்டியது. கை போயிற்று. வாழ்க்கைக் குறிப்புகளில் இது ஒரு வரி. கால்வரி என்றுகூடச் சொல்லலாம். ‘புதுச்சேரியில் இடக்கையை இழந்தார்’ என்றுவிட்டு அடுத்த பதவி உயர்வுக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று கிளறிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

படத்தை முதலில் பார்ப்போம். எட்மோனுக்கு முன்னால் நம் கரையைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படி வரைந்தார்கள்? சொன்னேரா 1782இல் பாரீஸில் வெளியிட்ட இந்தியப் பயணநூலின் தகடுகளில் நம் தெய்வங்களும் சடங்குகளும் தொழில்களும் வரிசையாக நிற்கின்றன. 1827 முதல் 1835 வரை பகுதிபகுதியாக வந்த ‘பிரெஞ்சு இந்தியா’ என்ற கல்லச்சுத் தொகுப்பு இன்னும் விரிவானது. பிரெஞ்சுப் பகுதிகளில் வாழும் இந்துக்களின் கடவுளர், கோயில்கள், உடைகள், முகச்சாயல்கள், பாத்திரங்கள், ஆயுதங்கள் என்று அதன் தலைப்பே ஒரு சரக்குப் பட்டியல். ஷாப்ரெலி வெளியிட்ட அந்தத் தொகுப்புக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் எழேன் பூர்னூஃப். சமஸ்கிருதத்திலும் பாலியிலும் ஐரோப்பாவின் பெரிய பண்டிதர், இந்திய மண்ணை மிதிக்காதவர். இது அவருக்குக் குறையாகப் படவில்லை, அந்தக் காலத்து அறிவு அமைப்புக்கும் குறையாகப் படவில்லை. இந்தியா ஒரு பிரதி. பிரதியைப் பாரீஸிலேயே வாசித்துவிடலாம்.

இவற்றோடு இன்னொரு வகையையும் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, புதுச்சேரி வட்டாரங்களில் நம்மூர் ஓவியர்களே வெள்ளைக்காரர்களுக்கு வரைந்து விற்ற சாதி ஜோடிப் படங்கள். ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், கையில் தொழில் கருவி. குயவன் என்றால் சட்டி, நெசவாளி என்றால் நூல், பனையேறி என்றால் அரிவாள். பின்னணியில் ஊர் இருக்காது, வானம்கூடப் பல சமயம் இருக்காது. மனிதரை அவர் சாதியாகவும், சாதியை அதன் கருவியாகவும் சுருக்கிக் காட்டுகிற இந்தச் சட்டகம் ஐரோப்பியக் கண்ணுக்கும் உள்ளூர்ச் சாதிக் கண்ணுக்கும் ஒருசேரப் பிடித்துப்போன ஒன்று. காலனியம் தனியாக வந்து நம்மை வகைப்படுத்தியது என்று சொல்கிறவர்கள் இந்த ஜோடிப் படங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வாங்கியவன் வெள்ளைக்காரன்தான். ஆனால் யாரை எங்கே எதோடு நிறுத்துவது என்ற வரிசை ஏற்கெனவே இங்கே இருந்தது.

எட்மோனின் படகுப் படங்கள் இந்த மரபிலிருந்து ஒரு விலகல். மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் வகைமாதிரிகளாக வந்து நிற்கவில்லை. துடுப்புப் போடுகிறார்கள், கயிற்றை இழுக்கிறார்கள், படகின் அளவு இன்னதென்று காட்டுவதற்காக அதன்மேல் இருக்கிறார்கள். மையம் படகு. அவர் நூலில் இரண்டு வகைத் தகடுகள் உண்டு. ஒன்று காட்சி: கடல், கரை, மேகம், அதனிடையே படகு. இன்னொன்று வரைபடம்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, குறுக்காக வெட்டி, அளவுகளோடு. ஜோடிப் படத்தில் கருவி மனிதரின் அடையாள அட்டை. எட்மோனிடம் கருவிக்கு என்று ஒரு உள்ளமைப்பு இருக்கிறது, ஒரு தர்க்கம் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் எப்படிச் சேர்மானம், அடிப்பக்கம் ஏன் தட்டை, பாய்மரம் எங்கே ஊன்றியிருக்கிறது என்றெல்லாம் அவர் கேட்கிறார். கேட்டதை வரைகிறார்.

இதை நான் பாராட்டாகச் சொல்கிறேனா என்று நண்பர்கள் சந்தேகப்படலாம். ஃபூக்கோவையும் சயீதையும் கையில் வைத்துக்கொண்டு, ‘அளப்பது ஆள்வதற்கே’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த வரி தப்பில்லை. ஆனால் அது எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி எந்தப் பூட்டைப் பற்றியும் நமக்கு எதுவும் சொல்வதில்லை.

3

நூலின் தலைப்பில் இரண்டு சொற்கள் முக்கியம். இந்தப் படகுகளை எட்மோன் ‘வரைந்தார், அளந்தார்’ என்று அங்கே இரண்டு வினைகள் சேர்த்தே சொல்லப்படுகின்றன. வரைந்தவர் யாரென்று தெரியும். அளந்தவரும் அவரே. கட்டியவர்கள்? அவர்கள் ‘மக்கள்’. ‘ஐரோப்பியர் அல்லாத மக்கள்’. ஓர் ‘அல்லாத’ போட்டு மஸ்கட்டையும் புதுச்சேரியையும் தாகித்தியையும் ஒரே கூடையில் கொட்டிவிட முடிகிறது. எதிர்மறைப் பெயரிடலின் அதிகாரம் இது. நமக்கு இது ரொம்பப் பழக்கமான விஷயம்தான். பிராமணர் அல்லாதார் என்று நம்மை நாமே அழைத்துக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டே.

அதே தலைப்பில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: கப்பல் கட்டுமானம். துறைச்சொல் அது. பிரான்சில் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்கிற காரியத்துக்கு உள்ள பெயர். அதே பெயரை மீனவக் குப்பத்து மணலில் நடக்கிற வேலைக்கும் எட்மோன் கொடுக்கிறார். ‘அல்லாத’ என்று ஒரு கையால் தள்ளியதை ‘கட்டுமானம்’ என்று மறுகையால் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறது தலைப்பு. பிரதியின் இந்த முரணை ஒரு பக்கமாகத் தீர்த்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரைக்கு வர அலைவரிசைகளைத் தாண்ட வேண்டும். கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் உடைந்துபோகும். அதனால் ஆளுநரானாலும் அட்மிரலானாலும் சலங்கில்தான் இறங்கி வர வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அடிக்கடி வருகிற அதே சலங்கு. 1860களில் கடற்பாலம் வரும்வரை இதுதான் நிலைமை. அதாவது, எட்மோன் இந்த ஊரை வரைவதற்கு முன்னால், இந்த ஊர்ப் படகோட்டிகள் அவரைப் பத்திரமாகக் கரை சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அதிகாரம் தலைகீழ். உயிர் யார் கையில் என்பது படகில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆணி அடித்த உறுதியான படகு உடைகிற இடத்தில், ஆணியே இல்லாத படகு ஏன் தப்பிக்கிறது என்ற கேள்வி அங்கே உடம்பு வழியாக வந்த கேள்வி.

சலங்கு தைத்த படகு. பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைப்பது. தையலுக்கு அடியில் வைக்கோலோ நாரோ திணித்து நீர்க்கசிவை அடைப்பார்கள். உள்ளே விலா எலும்புபோலச் சட்டங்கள் கிடையாது. அலை மோதும்போதும் மணலில் தரைதட்டும்போதும் படகின் உடம்பே வளைந்து நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். விறைப்பாக நிற்பதை உறுதி என்று நினைக்கிற பொறியியலுக்கு இது புதுப்பாடம். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ஆக, சலங்கு ஒரு தடவை கட்டி முடிக்கப்படுகிற பொருளல்ல.

கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே. இலேசான சில மரங்களைச் செதுக்கி வடிவமாக்கி முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பது. கடலுக்குப் போய்வந்த பிறகு கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப்போடுவது இந்தக் கரையின் வழக்கம். ஈரம் ஊறினால் மிதப்பு குறைந்துவிடும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டு. பெயரே அதைத்தான் சொல்கிறது: கட்டு மரம். மற்ற வேளைகளில் அது வெறும் மரம், கட்டும்போதுதான் கலம். தினமும் பிறந்து தினமும் கலைகிற ஒரு பொருளை, வடிவம் என்பதைவிடச் செயல் என்று சொல்லத்தக்க ஒன்றை, வரைபடம் என்ன செய்யும்? நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று ஒரு கணத்தில் நிறுத்தி வைக்கும். எட்மோன் நேர்மையான வரைவாளர். ஆனால் முடிச்சின் இறுக்கத்தை அளக்க அவர் பெட்டியில் கோல் இல்லை. எவ்வளவு இறுக்கினால் போதும், எந்தக் காற்றுக்கு எந்த மரத்தைச் சேர்க்கலாம், எதைக் கழிக்கலாம் என்பது கட்டுகிறவரின் கைக்குள் இருக்கிற அறிவு. அது வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே தங்கிவிடுகிறது.

இதனால் எட்மோனின் படம் பொய் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு ஆவணமும் எதை எழுத முடியாதோ அதன் விளிம்பையும் சேர்த்தே வரைகிறது. அந்த விளிம்பை வாசிக்கத் தெரிந்தால் படம் நமக்கு இரண்டு மடங்காகப் பேசும்.

4

இனி அந்தக் கை.

ஒரு கடற்படை அதிகாரிக்குப் புதுச்சேரி ஆலையில் என்ன வேலை என்று கேட்கலாம். 1816இல் ஆங்கிலேயரிடமிருந்து ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்குப் படையோ பெருநிலமோ மிச்சமில்லை. மிச்சமிருந்தது துணி. 1826 முதல் 1828 வரை ஆளுநராக இருந்த தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் புதுத் தொழில்களுக்கு ஊக்கம் கொடுக்கப்பட்டது. 1820களின் இறுதியில் நூற்பாலை வந்தது. இயந்திரம் என்பது அப்போது காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிற காட்சிப்பொருள். வந்த விருந்தாளியைக் கோயிலுக்கு அழைத்துப் போவதுபோல ஆலைக்கும் அழைத்துப் போவார்கள். எட்மோனோ இயந்திரத்தில் ஆசை உள்ளவர். கிட்டத்தில் போனார்.

துணி எங்கே போயிற்று? இங்கே அவுரியில் முக்கி எடுத்த நீலத்துணிக்குப் பிரெஞ்சில் ‘கினே’ என்று பெயர். அது பிரான்சு வழியாகச் செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் அந்த நீலத்துணிதான் நாணயம் மாதிரி புழங்கியது. அதைக் கொடுத்து அங்கே வாங்கிய முக்கியச் சரக்கு கருவேல இனத்து மரங்களிலிருந்து வடிகிற பிசின், அதாவது அரபிப் பிசின். ஐரோப்பாவில் அதற்குப் பல வேலைகள். துணியில் அச்சடிக்கிற சாயத்தைக் கெட்டியாக்க, துணிக்கு மொரமொரப்பு ஏற்ற, மருந்துக்கு, மிட்டாய்க்கு. கூடவே இன்னொரு வேலையும் உண்டு: நீர்வண்ணத்தில் நிறத்தூளைத் தாளோடு பிடித்து வைப்பது இந்தப் பிசின்தான். பிசின் இல்லையென்றால் நீர்வண்ணம் காய்ந்ததும் தூளாக உதிர்ந்துவிடும்.

எட்மோனின் வண்ணப்பெட்டியில் இருந்த பிசின் செனகலிலிருந்து வந்ததா வேறெங்கிருந்து வந்ததா என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலத்தின் பிரெஞ்சு நீர்வண்ணம் என்ற கலை எந்த வலைப்பின்னலின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதுதான் விஷயம். பாகூரிலும் வில்லியனூரிலும் நூற்றவர்கள், நெய்தவர்கள், அவுரித் தொட்டியில் இறங்கி நின்றவர்கள், செனகலில் மரத்தைக் கீறிப் பிசின் எடுத்த அடிமைகள், இவர்கள் எல்லாருடைய கைகளும் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருக்கின்றன. ‘தெளிந்த நீர்போன்ற வண்ணம்’, ‘ஒளி ஊடுருவும் மென்மை’ என்று அழகியல் பேசுகிறவர்கள் இந்த வலைப்பின்னலைப் பார்ப்பதில்லை. பார்த்தால் அழகு குறைந்துவிடும் என்று பயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்ணம் எதனால் தாளில் ஒட்டுகிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதற்கும் கண் வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஆலை ஒரு கண்ணி. அந்தக் கண்ணியில்தான் எட்மோனின் இடக்கை மாட்டியது. வலக்கை தப்பியது. வாழ்க்கை வரலாற்றாளருக்கு இது விதியின் கருணை: வரைகிற கை பிழைத்தது, கலை தொடர்ந்தது. 1840களில் அவர் ‘ஆர்கிமீட்’ என்ற நீராவிக் கப்பலுக்குத் தலைவரானார். நீராவிக் கடற்பயணம் பற்றியும் உந்துதிருகு பற்றியும் நூல்கள் எழுதினார். தன் கையைத் தின்ற இயந்திர வகையை அவர் வெறுக்கவில்லை, அதற்கே இலக்கணம் எழுதினார். அந்த நீராவிதான் அவர் வரைந்த படகுகளைக் கடற்கரைகளிலிருந்து மெல்லமெல்ல ஒதுக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். முதுமையில் அருங்காட்சியகக் காப்பாளராகி, இளமையில் அளந்துவந்த படகுகளுக்கு அந்த அளவுகளை வைத்தே சிறு மாதிரிகள் செய்வித்தார். 1882 முதல் மறைந்துவரும் கலங்களின் வரைபடங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஒழிப்பதும் பாதுகாப்பதும் ஒரே ஆளின் இரண்டு வேலைகளாக இருந்தன. காலனிய நவீனத்துவத்தின் முழு உருவத்தையும் ஒரே உடம்பில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எட்மோனின் உடம்பு போதும்.

ஆனால் ஆலையில் கை கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டும்தானா? பற்சக்கரத்துக்கு அதிகாரியின் கை, கூலியாளின் கை என்று தெரியாது. விருந்தாளியாக ஒருநாள் போனவரின் கைக்கு வாழ்க்கை வரலாற்று அகராதிகளில் ஒரு வரி இருக்கிறது. தினமும் அதே பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களின் விரல்களுக்கு எந்த அகராதியில் வரி?

அவர்கள் எழுதிய வரி வேறு இடத்தில் இருக்கிறது. நூறாண்டு கழித்து, 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும். வ. சுப்பையா போன்றோர் முன்னெடுத்த அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இல் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. புதுச்சேரியின் ஆலை வரலாறு என்று எழுதினால் அதன் தொடக்க அத்தியாயத்தில் ஓர் ஓவியரின் கையையும், நடு அத்தியாயத்தில் இந்த 12 பேரின் உடம்பையும் ஒரே கதையாடலில் வைத்து எழுத வேண்டும். இப்போது அவை வெவ்வேறு அலமாரிகளில் கிடக்கின்றன. ஒன்று கலை வரலாறு, இன்னொன்று தொழிற்சங்க வரலாறு. அலமாரியைப் பிரித்து வைத்ததே ஒரு அரசியல்.

5

எட்மோனைப் பற்றி இவ்வளவு கேட்ட நாம், நம் பக்கமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாகூருக்கு ஒரு பெருமை உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது, அதற்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன என்று சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பொறித்திருக்கிறது. ஊர்த் திருவிழா மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் செப்பேடும் ஓர் அளவைப் பிரதிதான். எந்த எல்லைக்குள் விளைவது யாருக்குப் போக வேண்டும் என்று அளந்து சொல்கிற பிரதி. மூன்று ஊர் உழைப்பு ஒரு கல்விக்கூடத்துக்குப் போயிற்று. அங்கே என்ன அறிவு கல்வி என்று மதிக்கப்பட்டது? ஏரியின் மதகை எப்போது திறப்பது, கரை உடைந்தால் எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவர்களின் அறிவு அதில் சேர்த்தியா? கிழக்கே நடந்தால் எட்டிவிடுகிற கடற்கரையில், பலகையைக் கயிற்றால் தைக்கத் தெரிந்தவர்களின் அறிவு சேர்த்தியா?

அளப்பதும் பெயரிடுவதும் விலக்குவதும் ஐரோப்பியன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று சொன்னால் நமக்கு வசதிதான். செப்பேடு அந்த வசதியைக் கொடுக்க மறுக்கிறது.

தமிழ் படித்த எங்களைப் போன்றவர்களின் சங்கதிக்கு வருவோம். எம்.ஏ. வகுப்பில் கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, திமில் என்று மரக்கலப் பெயர்களை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். நெய்தல் திணை என்றால் இரங்கல் என்று ஒப்பிக்கத் தெரியும். கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் உலக மொழிகளுக்கெல்லாம் போயிருக்கிறது என்று மேடைதோறும் முழங்கத் தெரியும். அந்தச் சொல்லை இன்று உலகம் எதற்குச் சொல்கிறது? இரண்டு உடல்கள் பூட்டிய உல்லாசக் கலத்துக்கு. அதற்கும் நம் மரக்கட்டுக்கும் உறவு பெயரளவில்தான். சொல் ஏற்றுமதியானது, பொருள் கரையிலேயே கிடந்தது. நாம் சொல்லைக் கொண்டாடுகிறோம். கட்டிய கையை மட்டும் குப்பத்திலேயே விட்டுவிட்டோம். தமிழ்த்துறைகளில் இருந்து எத்தனை பேர் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு போய், இந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், இந்த முடிச்சுக்கு என்ன பெயர், முன்னணி மரத்துக்கு என்ன பெயர் என்று பனித்திட்டிலோ நரம்பையிலோ உட்கார்ந்து எழுதினார்கள்? இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவான ஆய்வு வேண்டுமென்றால் 1920இல் ஜேம்ஸ் ஹோர்னல் எழுதியதைத்தான் இன்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. அவரும் மீன்வளத்துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்.

காரணம் சாதி. மீன்வாடையுள்ள அறிவு நமக்கு அறிவாகப் படவில்லை. சோழர் கடற்படையென்றால் நெஞ்சு நிமிர்கிறது. அந்தக் கப்பலைக் கட்டியவன், தைத்தவன், ஓட்டியவனின் பேரப்பிள்ளைகள் குப்பத்தில் இருக்கிறார்கள் என்றால் பேச்சு மாறிவிடுகிறது. ராஜேந்திரனுக்குச் சிலை உண்டு, சலங்குக்காரனுக்குச் சொல்லகராதியில் ஒரு பதிவு உண்டு. அவ்வளவுதான் கணக்கு. ஜோடிப் படம் வரைந்த பழைய ஓவியராவது மீனவரையும் வலையையும் ஒரு தாளில் வைத்தார். நாம் வலையை மட்டும் இலக்கியத்துக்குள் எடுத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில்தான் எட்மோன் நம்மைச் சங்கடப்படுத்துகிறார். அவர் பேரரசின் சம்பளக்காரர். கட்டியவர்களை அவரும் ‘மக்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் கரைத்தவர்தான். ஆனாலும் மணலில் குனிந்து, தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தார். பார்க்கத் தகுந்தது என்று நினைத்தார். அவரைக் காலனியவாதி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறவன், குனிந்தவரைக் குற்றம் சொல்லிக்கொண்டு தான் குனிய மறுப்பவன்.

6

முடிவாக ஒன்றிரண்டு விஷயங்கள்.

எட்மோனின் நூலை 1993இல் எரிக் ரியெத் முன்னுரையோடு பாரீஸில் மறுபடி பதிப்பித்தார்கள். 2010இல் பாரீஸ் கடற்படை அருங்காட்சியகத்தில் அவர் பணியை வைத்துக் கண்காட்சி நடந்தது. சில ஆண்டுகள் மூடிக்கிடந்த அந்த அருங்காட்சியகம் 2023 நவம்பரில் புதுக்கோலத்தில் திறந்தது. அங்கே எல்லாம் பத்திரம்.

இங்கே? 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்த கட்டுமரம் பெரும்பாலான குப்பங்களில் ஓரத்துக்குப் போயிற்று. மீனவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உயிரைப் பணயம் வைத்து மரத்தில் போ, நாங்கள் பாரம்பரியத்தை ரசிக்கிறோம் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? புதுச்சேரி ஆலைகள் 2020இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டுவிட்டன. எட்மோன் வரைந்த பொருளும் போகிறது, அவர் கையைத் தின்ற பொருளும் போய்விட்டது. மிச்சமிருப்பது அவர் வரைந்த படம். அதனால் அதை யார் வாசிக்கிறார்கள் என்பது இப்போது முன்னைவிட முக்கியமாகிறது.

‘பிரெஞ்சுப் பாரம்பரியம்’ என்ற பேரில் வெள்ளைநகரத்துச் சுவர்களுக்கு மஞ்சள் அடித்து விற்கிற சுற்றுலாச் சொல்லாடல் எட்மோனையும் ஒருநாள் கண்டுபிடிக்கும். விடுதி வரவேற்பறையில் சலங்குப் படம் சட்டம் போட்டுத் தொங்கும். கைபோன கதை வழிகாட்டியின் சுவாரசியத் துணுக்காகும். அதற்கு முன்னால் நாம் ஒரு வேலை செய்யலாம். சோழமண்டலக் கரைத் தகடுகளைப் பெரிதாக அச்செடுத்து, மூர்த்திக்குப்பத்திலும் நரம்பையிலும் இன்னும் கட்டுமரம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் முன்னால் விரித்து வைத்து, ஐயா, இது சரியா, இந்த மரம் இப்படித்தான் வருமா, இந்தக் கட்டு போதுமா, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கிற படத்தைத் திருத்துகிற தகுதி உள்ளவர்கள் இன்னும் நம் கரையில் இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

அப்படி ஒரு விளக்கவுரை எழுதப்பட்டால், 1841இல் தொடங்கிய நூலுக்கு அதுதான் உண்மையான இரண்டாம் பதிப்பு. அதன் முகப்பில் வரைந்தவர், அளந்தவர் என்பதோடு மூன்றாவதாக இன்னொரு வினையையும் சேர்க்கலாம்: கட்டியவர்கள். பெயர்களோடு.